கீப்பர் பெயரையும் எழுதுங்கள்: செட்டிநாட்டு டோர்னமெண்ட் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல், குன்றக்குடி வட்டாரத்தில் கிரிக்கெட் டோர்னமெண்ட் நடத்தும் கமிட்டித் தம்பிகளுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். மைக்செட்டுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு ஸ்கோர் எழுதுகிற ஆள். பொங்கல் கோப்பையிலிருந்து மே மாத லீவுப் போட்டி வரைக்கும் கூப்பிட்ட ஊருக்கெல்லாம் வந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த வருஷ மே மாதப் போட்டிகளுக்கு இப்போதே பிளக்ஸ் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கமிட்டித் தம்பி, எழுத்துப்பிழை பார்த்துச் சொல்லுங்கள் அண்ணே என்று பரிசுப் பட்டியலைப் போனில் அனுப்பியிருந்தார். முதல் பரிசு தொடங்கி நான்காம் பரிசு வரை கோப்பையும் ரொக்கமும். தொடர் நாயகன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆட்ட நாயகன். சிறந்த பேட்ஸ்மேன், சிறந்த பௌலர், சிறந்த பீல்டர், அதிக சிக்சர், ஹாட்ரிக் எடுத்தால் தனியாக. கீழே சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் பெயர், நன்கொடை கொடுத்த கடைக்காரர்கள் பெயர். ஸ்டம்புக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கிற கீப்பருக்கு ஒரு வரி இல்லை. போன வருஷமும் இல்லை. நான் ஸ்கோர் எழுதிய எந்த ஊர் பிளக்ஸிலும் இருந்ததில்லை.

அதைப் பற்றித்தான் இந்த மடல்.

டாஸ் போட்டு பீல்டிங் இறங்கும்போது நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஓட முடியாதவன், பௌலிங் போடத் தெரியாதவன், ஆள் குறையுதென்று கடைசி நேரத்தில் பைக்கில் ஏற்றிக் கூட்டிவந்தவன், இவர்களில் ஒருத்தனைப் பார்த்து, “மாப்ள, நீ பின்னாடி போய் நில்லுடா” என்பார்கள். அவனும் கையைப் பிசைந்துகொண்டே போய் நிற்பான். டீமில் நன்றாகக் கை வரும் பையன் இருந்தாலும் அவன் லாங்ஆனுக்கோ கவருக்கோ ஓடிவிடுவான். அங்கே டைவ் அடித்தால் கைதட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து எழுந்தால் யார் பார்க்கிறார்கள்?

பார்க்கிறவன் நான் ஒருத்தன். ஸ்கோர் எழுதுகிறவனுக்கு வேறு வழியில்லை. பேட்டில் படாமல் கீப்பரையும் தாண்டிப் போன பந்தில் ஓடுகிற ரன்னுக்கு, அதாவது பைஸுக்கு, அம்பயர் கையைத் தூக்கிக் காட்டினால் அதைத் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். எட்டு ஓவர் மேட்ச் முடிந்து, ஆறு ரன்னில் தோற்ற டீம் என் மேஜைக்கு வந்து கடைசி ஓவர் போட்ட பையனைத் திட்டிக்கொண்டு நிற்கும். நோட்டைத் திருப்பிக் காட்டுவேன்: பைஸில் மட்டும் அதற்கு மேல் போயிருக்கும். கண்மாய்க்குள் பிட்ச் போட்டு ஆடுகிற நமக்கு இது இன்னும் மோசம். செம்மண் தரை காய்ந்து வெடித்திருக்கும். ஒரு பந்து முழங்காலுக்கு வரும், அதே இடத்தில் குத்திய அடுத்த பந்து தலைக்கு மேல் போகும். கீப்பர் விட்டால் கருவேலங்காட்டுக்குள் போய்த்தான் எடுக்க வேண்டும். அதற்காக இரண்டு பேரைக் கீப்பருக்குப் பின்னால் லாங்ஸ்டாப் நிறுத்துகிற டீம்கள் நம் பக்கம் உண்டு. ஒரு நல்ல கீப்பர் இருந்தால் அந்த இரண்டு பேரும் முன்னால் நின்று ரன்னைத் தடுக்கலாம்.

இனி ஆஸ்திரேலியக் கீப்பர் கில்கிறிஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்களில் ஆடம் கில்கிறிஸ்ட் பெயர் தெரியாத முப்பது வயதுக்காரன் இருக்க மாட்டான். இடதுகை ஆட்டக்காரன் எவனாவது முதல் ஓவரிலேயே தூக்கி அடித்தால், “கில்கிறிஸ்ட்டுடா” என்று மைக்கில் சொல்லாத அறிவிப்பாளரும் இல்லை. ஆனால் அந்தப் பெயரை நாம் பாதியாக மட்டுமே எடுத்துக்கொண்டோம். சிக்சரை எடுத்துக்கொண்டு கிளவுஸை விட்டுவிட்டோம். அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் உட்கார்ந்து படித்தால் நடந்தது தலைகீழ் என்று புரியும்.

1971 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பெல்லிங்கன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அந்த மாநில அணியில் இடம் கிடைத்தது, ஆனால் வெறும் பேட்ஸ்மேனாக. கிளவுஸ் பில் எமரி கையில் இருந்தது. அவர் அணியின் நிரந்தரக் கீப்பர். பேட்ஸ்மேனாகவே இருந்துவிடலாம் என்று கில்கிறிஸ்ட் இருக்கவில்லை. 1994-இல் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு பெர்த்துக்குப் போனார். சிட்னியிலிருந்து பெர்த் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நாம் காரைக்குடியில் ரயில் ஏறி டெல்லியில் இறங்கினாலும் அவ்வளவு தூரம் வராது. எதற்கு? ஸ்டம்புக்குப் பின்னால் நிற்க. போன இடத்திலும் யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பழைய கீப்பர் டிம் ஸோரர் அந்த ஊர் ரசிகர்களின் செல்லப்பிள்ளை. அவர் இடத்துக்கு வெளியூர்ப் பையன் வந்ததை அவர்கள் லேசில் ஏற்கவில்லை.

ஒருநாள் அணியில் முதல் ஆட்டம் நம் நாட்டில்தான், 1996 அக்டோபரில் ஃபரிதாபாத்தில். டெஸ்டுக்கு இன்னும் மூன்று வருஷம் காத்திருந்தார். முன்னால் நின்றவர் இயான் ஹீலி. 119 டெஸ்டுகள், 395 விக்கெட்டுகளில் கை பட்டவர், அன்றைக்கு அது உலக சாதனை. 1999 நவம்பரில் ஹீலியின் சொந்த மைதானமான பிரிஸ்பேனிலேயே அவருக்குப் பதிலாக கில்கிறிஸ்ட் இறங்கினார். வயது 28 ஆகப் போகிறது. முதல் இன்னிங்ஸில் 81. அடுத்த டெஸ்ட் ஹோபார்ட்டில், பாகிஸ்தானோடு. 369 எடுக்க வேண்டும், 126-க்கு 5 விக்கெட் போய்விட்டது. எதிரில் வாசிம் அக்ரம், வக்கார் யூனிஸ், சக்லைன் முஷ்டாக், ஷோயப் அக்தர். ஜஸ்டின் லாங்கரும் கில்கிறிஸ்டும் 238 ரன் சேர்த்தார்கள். லாங்கர் 127. கில்கிறிஸ்ட் 149, அவுட்டில்லை. ஆட்டம் ஆஸ்திரேலியாவுக்கு.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 96 டெஸ்டில் 5,570 ரன், சராசரி 47.60, நூறு பந்துக்கு 82 ரன் வேகம், 17 சதம். டெஸ்டில் நூறு சிக்சர் அடித்த முதல் ஆள். 2002-இல் ஜோகன்னஸ்பர்க்கில் 204. 2006-இல் பெர்த்தில் 57 பந்தில் சதம். 287 ஒருநாள் ஆட்டத்தில் 9,619 ரன். 1999, 2003, 2007 என்று மூன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டத்திலும் ஐம்பதுக்குமேல் அடித்தவர். கடைசி ஒன்று பிரிட்ஜ்டவுனில் இலங்கைக்கு எதிராக 104 பந்தில் 149. இடதுகை கிளவுஸுக்குள் ஸ்குவாஷ் பந்தை வைத்துக்கொண்டு அடித்தது. அந்த ராத்திரி நம் ஊர்களில் விடியவிடிய டிவி ஓடியது.

இவ்வளவையும் பார்த்து நாம் கண்டுகொண்டது என்ன? அவர் பேட்ஸ்மேன், கூடவே கீப்பிங்கும் செய்தார் என்று. அந்த மற்ற கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். டெஸ்டில் 379 கேட்ச், 37 ஸ்டம்பிங் (பேட்ஸ்மேன் கோட்டை விட்டு வெளியே வந்ததும் கீப்பர் பந்தால் பெயிலைத் தட்டி அவுட் ஆக்குவது). ஒருநாள் ஆட்டத்தில் 417 கேட்ச், 55 ஸ்டம்பிங். ஒரு பக்கம் மெக்ராத், பிரெட் லீ எறிகிற பந்து. இன்னொரு பக்கம் ஷேன் வார்ன் சுழற்றுகிற பந்து, அதை ஸ்டம்பை ஒட்டி நின்று எடுக்க வேண்டும். ஆறடிக்கு மேல் உயரமான மனுஷன். அந்த உயரத்தைப் பந்துக்குப் பந்து மடக்கி உட்கார்ந்து எழ வேண்டும். முதல் டெஸ்டிலிருந்து கடைசி டெஸ்ட் வரை ஒன்றுகூட விடாமல் 96-ம் தொடர்ச்சியாக ஆடினார். விரல் இடுக்கில் பட்ட அடியோடு அடுத்த நாள் கிளவுஸ் மாட்டியவர்களுக்கு அந்த 96 என்றால் என்னவென்று தெரியும்.

2001 கொல்கத்தா டெஸ்டை நம் ஊரில் மறந்தவர் இல்லை. லட்சுமண் 281, டிராவிட் 180. நான்காம் நாள் முழுக்க விக்கெட்டே விழவில்லை. ஹர்பஜன் ஹாட்ரிக்கில் கில்கிறிஸ்டும் ஒருத்தர். இரண்டு இன்னிங்ஸிலும் முதல் பந்திலேயே பூஜ்யம். அதை இன்றைக்கும் சொல்லிச் சந்தோஷப்படுகிறோம், தப்பில்லை. ஆனால் இந்தியாவின் அந்த இரண்டாவது இன்னிங்ஸ் 178 ஓவர் நடந்தது. ஆயிரத்துக்கு மேல் பந்து. கொல்கத்தா மார்ச் மாதப் புழுக்கத்தில், ஒவ்வொரு பந்துக்கும் உட்கார்ந்து, எழுந்து, லட்சுமண் அடிக்காமல் விட்டதையெல்லாம் பிடித்தவர் ஒரே ஆள். பௌலர்கள் மாறி மாறி வந்தார்கள், பீல்டர்கள் இடம் மாற்றிக்கொண்டார்கள். கீப்பருக்கு மாற்று இல்லை. பேட்டில் பூஜ்யம் எடுத்தவன் அந்த டெஸ்டில் செய்த வேலை எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

அந்த வேலை எவ்வளவு உடம்பைத் தின்னும் என்பதற்கு நமக்குப் பக்கத்து நாட்டிலேயே கணக்கு இருக்கிறது. குமார் சங்கக்கார கீப்பராக ஆடிய 48 டெஸ்டில் சராசரி 40 சொச்சம். கிளவுஸ் இல்லாமல் ஆடிய 86 டெஸ்டில் 66 சொச்சம். ஆள் அதே ஆள்தான். ஒரு டீமுக்காகக் கீப்பிங் நிற்கிறவன் தன் ரன்னில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறான் என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நம் பக்கம் சிறந்த பேட்ஸ்மேன் பரிசை எண்ணி ரன்னைக் கூட்டும்போது, எட்டு ஓவர் உட்கார்ந்து எழுந்துவிட்டு நேராக ஓப்பனிங் இறங்கிய பையனையும், பவுண்டரியில் நின்று இளைப்பாறி வந்த பையனையும் ஒரே வரிசையில் வைக்கிறோம்.

கில்கிறிஸ்ட் ஓய்வு பெற்ற கதை உங்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். 2008 ஜனவரி, அடிலெய்ட், எதிரில் நம் அணி. பிரெட் லீ பந்தில் லட்சுமணின் பேட் விளிம்பில் பட்டு எட்ஜ் வந்தது, எடுத்திருக்க வேண்டிய கேட்ச், விழுந்துவிட்டது. மைதானத்துப் பெரிய திரையில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பார்த்துக்கொண்டே இருந்தவர், பக்கத்தில் நின்ற மேத்யூ ஹேடனிடம் இதோடு முடிந்தது என்கிற மாதிரி சொல்லிவிட்டார். அதே டெஸ்டில்தான் மார்க் பவுச்சரைத் தாண்டி உலகிலேயே அதிக விக்கெட்டுகளில் பங்குள்ள டெஸ்ட் கீப்பர் ஆனார். சாதனை கையில் இருக்கிறது, ரன் வற்றிப்போகவில்லை, அணியில் அவரை யாரும் போகச் சொல்லவில்லை. ஒரு கேட்ச் விட்டதுதான் அவருக்குக் கணக்கு. பேட்டில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. கை பழைய கை இல்லை என்று தெரிந்ததும் விலகிவிட்டார். தன்னை முதலில் கீப்பராக நினைத்தவன்தான் அப்படி முடிவெடுப்பான்.

இதை நம் மேட்ச்களுக்குக் கொண்டுவருகிறேன். போன சீசனில் ஒரு காலிறுதி. ஊர் பெயர் வேண்டாம். பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருத்தன் கீப்பிங் நின்றான். கார்க் பந்து. அவன் போட்டிருந்த கிளவுஸ் யாரிடமோ கேட்டு வாங்கியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய வலை கிழிந்து, செருப்புத் தைக்கிற நூலால் தைத்திருந்தார்கள். உள்ளே போடும் இன்னர் இல்லை, இரண்டு விரலில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தான். ஸ்பின்னர் காலுக்கு வெளியே ஒரு பந்து போட்டார். பேட்ஸ்மேன் சுழன்று அடிக்கப் போய் காலைத் தூக்கிவிட்டான். காலுக்கு வெளியே போகிற பந்தைக் கீப்பர் கடைசி நேரத்தில் பார்க்கவே முடியாது, பேட்ஸ்மேன் உடம்பு மறைத்துவிடும். எங்கே வரும் என்று கணித்துத்தான் கை போக வேண்டும். அந்தப் பையன் எழுந்திருக்கவில்லை. பந்து குத்தி எழும்பும் வரை கீழேயே இருந்தான். கை இடதுபக்கம் போனதும் பெயில்ஸ் விழுந்ததும் ஒன்றாக நடந்தது. அம்பயர் கையைத் தூக்கினார். மைக்கில் என்ன சொன்னார்கள்? “அருமையான பந்துவீச்சு”, பௌலர் பெயர், பௌலர் ஊர். பௌலரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பையன் விழுந்த பெயிலை எடுத்து ஸ்டம்பில் வைத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தான்.

2004-இல் லார்ட்ஸில் நம் தினேஷ் கார்த்திக் தன் முதல் ஒருநாள் ஆட்டத்தில் ஹர்பஜன் பந்தில் மைக்கேல் வானை ஸ்டம்பிங் செய்தாரே, அதுவும் காலுக்கு வெளியே போன பந்துதான். அதை உலகம் பார்த்தது. இதைப் பார்த்தது கண்மாய்க்கரையில் நின்ற நூறு பேர், அதிலும் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை.

நான் கேட்பது முதலில் இதைத்தான். நோட்டில் எழுதும் முறையை மாற்றுங்கள். நம் பக்கத்து ஸ்கோர் நோட்டில் அவுட் என்ற கட்டத்தில் பௌலர் பெயர் மட்டும் இருக்கும். கேட்ச் என்றால் கேட்ச் என்று மட்டும் போடுவார்கள், பிடித்தவன் யார் என்று இருக்காது. ஸ்டம்பிங்கைப் பல ஊரில் பௌலர் விக்கெட் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். போனில் ஆப்பில் ஸ்கோர் ஏற்றுகிறவர்களும் அப்படித்தான், பிடித்தவர் பெயர் கேட்கிற இடத்தில் அவசரத்தில் யாரையாவது தட்டிவிட்டு அடுத்த பந்துக்குப் போய்விடுகிறார்கள். கேட்ச் இன்னார், பந்து இன்னார். ஸ்டம்பிங் இன்னார், பந்து இன்னார். ஒரு வரிதான். டீம் லிஸ்ட் கொடுக்கும்போதே கீப்பர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். மைக் பிடிக்கிற தம்பியிடமும் அதே லிஸ்டைக் கொடுங்கள். மஞ்சுவிரட்டு நடக்கிற சீமையில் இருக்கிறோம். மாடு யாருடையது, அணைந்தவன் எந்த ஊர் என்று மைக்கில் சொல்லாமல் விட்டால் சிராவயலில் கூட்டம் சும்மா இருக்குமா?

அடுத்தது பரிசு. சிறந்த கீப்பர் என்று ஒரு வரி பிளக்ஸில் வர வேண்டும். பெரிய தொகை கேட்கவில்லை. முதல் பரிசுத் தொகையில் கை வைக்கவும் வேண்டாம். அதிக சிக்சருக்குக் கொடுக்கிற கேடயத்தின் அளவுக்கு ஒன்று போதும். கேட்ச், ஸ்டம்பிங், ரன் அவுட்டில் கை கொடுத்தது, விட்ட பைஸ் எவ்வளவு என்று நோட்டிலிருந்தே எடுத்துவிடலாம். யாருக்குக் கொடுப்பது என்று சண்டை வராது, கணக்கு அங்கேயே இருக்கும். இதற்கென்று தனியாக ஒரு ஸ்பான்சர் பிடிப்பதும் கஷ்டமில்லை. காரைக்குடியில் கோப்பைக்குக் கேட்டால் இல்லையென்று சொல்கிற கடைக்காரர் குறைவு.

பரிசைவிட அவசரமானது கிளவுஸ். டென்னிஸ் பந்து என்றால் வெறும் கையோடு நின்றுவிடலாம் என்று நினைக்கிறோம். வெறும் கையில் டென்னிஸ் பந்து தெறித்துப் போகும், அதனால் பையன் கையை முன்னால் நீட்டி விறைப்பாகப் பிடிக்கப் பழகுகிறான். அந்தப் பழக்கத்தோடு கார்க் பந்துக்கு வரும்போது விரல் போகிறது. பந்தோடு கையைப் பின்னால் இழுத்து வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு டோர்னமெண்டுக்கு வரும் எல்லா டீமிலும் கிளவுஸ் இருக்காது, இருப்பதும் அந்தப் பையன் போட்டிருந்த மாதிரி இருக்கும். கமிட்டி சார்பாக இரண்டு ஜோடி கீப்பிங் கிளவுஸ், இன்னர், கால் பேடு, ஒரு ஹெல்மெட், அடிவயிற்றுக் கார்டு வாங்கி ஸ்கோர் மேஜையில் வைத்துவிடுங்கள். பீல்டிங் இறங்கும் டீம் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போகட்டும், முடிந்ததும் திருப்பிக் கொடுக்கட்டும். கார்க் பந்தில் ஸ்பின்னருக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்கிற பையன் ஹெல்மெட் இல்லாமல் நிற்கக் கூடாது என்று விதியாகவே போடுங்கள். பல் உடைந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடிய கமிட்டிக்காரர்கள் இந்த மடலைப் படிக்கிறவர்களிலேயே இருக்கிறீர்கள்.

இன்னொன்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நம் பக்கம் மேட்ச் பாதியில் நிற்பது பெரும்பாலும் எதனால்? கீப்பர் பிடித்த எட்ஜ். பேட்டிங் டீம் ஆளே அம்பயர் நிற்கிறார். கீப்பர் கத்துகிறான், பேட்ஸ்மேன் தொடையைத் தட்டிக் காட்டுகிறான், அம்பயர் தலையை ஆட்டுகிறார், மைதானத்துக்குள் இருபது பேர் இறங்கிவிடுகிறார்கள். அப்புறம் அவன் பங்காளி, இவன் மச்சான், போலீஸ் வரைக்கும் போன கதையும் உண்டு. 2003 உலகக் கோப்பை அரையிறுதி, தென்னாப்பிரிக்காவில் போர்ட் எலிசபெத். இலங்கையின் அரவிந்த டி சில்வா பந்தை கில்கிறிஸ்ட் ஸ்வீப் ஆடப் போனார். பேட்டில் பட்டு, பேடில் பட்டு, கீப்பர் கைக்குப் போனது. அம்பயர் ரூடி கோர்ட்சன் அவுட் கொடுக்கவில்லை. கில்கிறிஸ்ட் 22-இல் இருந்தார், நன்றாக அடித்துக்கொண்டிருந்தார், உலகக் கோப்பை அரையிறுதி. அம்பயர் முடிவுக்கு அப்புறமும் அவர் தானாகவே நடந்து வெளியே போனார். கேட்ச் பிடித்த கீப்பர் சங்கக்கார.

ஸ்டம்புக்குப் பின்னால் ஆயுசெல்லாம் நின்றவனுக்கு எட்ஜ் சத்தம் தெரியும். தான் கேட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவன், அடுத்த கீப்பர் கேட்டபோது மறைக்கவில்லை என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். எல்லா பேட்ஸ்மேனும் அப்படி நடந்து போக வேண்டும் என்று விதி போட முடியாது. ஆனால் கால் இறுதியிலிருந்தாவது இரண்டு முனையிலும் ஆடாத டீமின் ஆளை அம்பயராகப் போட உங்களால் முடியும். தோற்று வெளியேறிய டீம்களில் நிதானமான ஆட்கள் இருக்கிறார்கள், சாப்பாடும் பெட்ரோலும் கொடுத்தால் வருவார்கள். எட்ஜ் என்று தெரிந்து தானாக வெளியேறும் பையன் இருந்தால், அவன் பெயரையும் மைக்கில் சொல்லுங்கள்.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நம் ஊர்த் தெருக்களில் சாயங்காலம் பாருங்கள், பாதிப் பிள்ளைகள் முதுகில் 7 என்று போட்ட மஞ்சள் சட்டை. தோனி என்றால் உயிர். அந்த மனுஷன் சர்வதேச ஆட்டங்களில் செய்த ஸ்டம்பிங் 195, உலகத்தில் யாரும் பக்கத்தில் இல்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கீப்பிங் நிற்கச் சொன்னால் ஒரு பிள்ளையும் நிற்காது, ஏனென்றால் நாம் அதைத் தண்டனை மாதிரி கொடுத்துப் பழக்கியிருக்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஜெகதீசன் 2022-இல் விஜய் ஹசாரே என்கிற மாநில அணிகளின் ஒருநாள் போட்டியில் ஒரே ஆட்டத்தில் 277 அடித்தார், அவர் கீப்பர். நமக்குக் கூப்பிடு தூரத்தில் மதுரைப் பொண்ணு கமலினி, பதினாறு வயதில் மும்பை இந்தியன்ஸ் பெண்கள் அணி 1.6 கோடிக்கு எடுத்தது, அதுவும் கீப்பர்-பேட்டர்தான். சென்னை லீக்கிலோ மாவட்ட அணியிலோ ஆள் எடுக்கும்போது பதினைந்து ஓப்பனர் வரிசையில் நிற்பார்கள். நன்றாகக் கை வருகிற கீப்பர் இரண்டு பேர் வந்தால் அதிகம். கிராமத்துப் பையன் உள்ளே போகக் கொஞ்சமாவது திறந்திருக்கிற கதவு அது. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நம் பிள்ளைகளை நிற்கவிடாமல் லாங்ஆனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

கல்விக்கு அள்ளிக் கொடுத்த அழகப்பர் ஊரில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு ஒரு ஜோடி கிளவுஸ் வாங்கிக் கொடுக்க வழியில்லை என்று யாரும் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும். இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதனால் கேட்கிறேன்.

பிளக்ஸ் அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். கேட்ச், ஸ்டம்பிங், பைஸ் எல்லாம் தனித்தனியாக வருகிற மாதிரி ஸ்கோர் நோட்டுக்குக் கோடு போட்டு மாதிரி ஒன்று தயார் செய்து வைத்திருக்கிறேன், எந்தக் கமிட்டி கேட்டாலும் நகல் தருகிறேன். எழுதப் பழக்கமில்லாத தம்பிகள் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகப்பா கல்லூரிப் பக்கம் வந்துவிடுங்கள், மரத்தடியில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். மே மாதம் நான் எழுத வருகிற முதல் டோர்னமெண்டுக்குக் கீப்பிங் கிளவுஸ் ஒரு ஜோடி, இன்னரோடு, என் பொறுப்பு. இரண்டாவது ஜோடியைக் கமிட்டி பார்த்துக்கொள்ளட்டும். போன சீசனில் காலுக்கு வெளியே அந்த ஸ்டம்பிங் செய்த தம்பி இதைப் படித்தால், அல்லது அவனைத் தெரிந்தவர்கள் படித்தால், இந்த வருஷமும் அவனைக் கீப்பிங்கே நிற்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஸ்கோர் எழுதுகிற உங்கள் அண்ணன்,
காரைக்குடி